அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் நோட்டைத் திறங்க

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. அன்று வர முடியாத குழு உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேராக 'நுகர்வோர் விழிப்புணர்வு' என்று எழுதியிருக்கிறார்கள். அது பெரிய தலைப்பு. நான் பேசப் போவது ஒரே ஒரு விஷயம்தான். புதுசா ஒரு போனோ டிவியோ வரப் போகுதுன்னு விளம்பரம் வருது. அது கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே நாம போய் அட்வான்ஸ் கட்டிட்டு வர்றோம். அந்த முன்பதிவில் காசு மிச்சம் பிடிக்க முடியுமா? முடியும். ஆனா விளம்பரத்தில் போட்டிருக்கிற அளவுக்கு நமக்கு மிச்சம் ஆவதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்தக் குழு என்று கேட்காதீங்க. அந்த அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க, பேர் சொல்லாம சொல்லிக்கோங்க என்று அனுமதி கொடுத்திருக்காங்க. அவங்க பொண்ணு காலேஜில் முதல் வருஷம் சேர்ந்திருக்கு. நோட்ஸ், பரீட்சைத் தேதி எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருது. வீட்டில் நல்லா இருக்கிறது அப்பாவோட போன் ஒண்ணுதான். அவர் காலையில் எடுத்துக்கிட்டுப் போனா ராத்திரிதான் வருவார். அதனால் பொண்ணுக்கு போன் வேணும், இதில் யாருக்கும் மறுப்பு இல்லை.

டவுனில் ஒரு கடையில் புது மாடலுக்கு முன்பதிவு. ஞாயிற்றுக்கிழமைக்குள் புக் பண்ணினால் 16,999 ரூபாய்தான், ஹெட்போன் இலவசம் என்று போர்டு வச்சிருந்தாங்க. அக்கா 2,000 ரூபாய் கட்டிட்டு வந்துட்டாங்க. அவங்க சேர்த்து வச்சிருந்தது மொத்தம் 7,000. அதில் இந்த 2,000 போயிடுச்சு. மீதிக்கு 10,000 ரூபாய் உள்கடன் வேணும் என்று குழுவில் கேட்டாங்க.

உடனே ஒரு பக்கம், "போன் வாங்கவா சங்கக் கடன்? மாடு வாங்க, தையல் மெஷின் வாங்கன்னா கொடுக்கலாம்" என்றார்கள். இன்னொரு பக்கம், "படிக்கிற பிள்ளைக்குத்தானே கேக்குறா" என்றார்கள். சத்தம் கூடிப் போச்சு. ஊக்குநர் என்னைப் பார்த்தாங்க. நான் தீர்ப்பு எதுவும் சொல்லலை. "அந்தக் கடை நோட்டீசைக் கொடுங்கக்கா" என்று மட்டும் கேட்டு வாங்கினேன்.

நோட்டீசில் 16,999 என்பது கட்டை விரல் அளவுக்குப் பெரிய எழுத்து. பக்கத்தில் சின்னதா ஒரு நட்சத்திரம். அந்த நட்சத்திரத்துக்கு விளக்கம் அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது. போனின் விலை 21,999. குறிப்பிட்ட ஒரு வங்கியின் கிரெடிட் கார்டில் கட்டினால் 2,000 தள்ளுபடி. பழைய போனைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 3,000 வரை. இரண்டையும் கழிச்சாத்தான் 16,999.

"நம்ம குழுவில் யாருகிட்ட கிரெடிட் கார்டு இருக்கு?" என்று கேட்டேன். ஒருத்தரும் கை தூக்கலை. நம்மகிட்ட இருக்கிறது ஏடிஎம் கார்டு, அது டெபிட் கார்டு. இந்த ஆஃபர் அதுக்குக் கிடையாது. சரி, பழைய போன்? வீட்டில் ஒண்ணு கிடக்குது, டிஸ்பிளே உடைஞ்சு, பேட்டரி உப்பி. அங்கேயே கடைக்குப் போன் போட்டோம். "டிஸ்பிளே உடைஞ்சிருந்தா எக்ஸ்சேஞ்ச் எடுக்க மாட்டோம் மேடம்" என்று சொல்லிட்டாங்க.

ஆக, 16,999 என்பது யாருக்கோ இருக்கிற விலை. அக்காவுக்கு அந்த போன் 21,999. கையில் இருக்கிற 7,000, கேட்ட கடன் 10,000, இரண்டும் சேர்ந்து 17,000. இன்னும் 5,000 இடிக்குது. இது எப்போ தெரிய வந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. போன் வாங்கப் போகிற அன்னிக்கு, கடைக்குள்ளே, பொண்ணு பக்கத்தில் நிற்கும்போது. அட்வான்ஸும் கட்டியாச்சு. அதே கடையில் ஒரு மேஜை போட்டு பைனான்ஸ்காரர் உட்கார்ந்திருப்பார். "ஆதார், பாஸ்புக் இருக்கா? பத்தே நிமிஷம்மா" என்பார். அந்த நேரத்தில் நம்மில் எத்தனை பேர் 'வேண்டாம்' என்று சொல்லிட்டு வெளியே வருவோம்? நானே வந்திருக்க மாட்டேன்.

'வரை' என்று இரண்டு எழுத்து இருக்கிறதே, அதை மட்டும் நோட்டீசில் முதலில் தேடுங்க. 3,000 வரை என்றால் அது 300 ஆகவும் இருக்கலாம். 'இலவசம்' என்பதும் அப்படித்தான். 3,999 மதிப்புள்ள ஹெட்போன் இலவசம் என்றால், அதை நாம காசு கொடுத்து வாங்கியிருப்போமா என்று கேளுங்க. வாங்கியிருக்க மாட்டோம் என்றால் அதில் நமக்கு மிச்சம் ஒண்ணும் இல்லை.

இப்போ பைனான்ஸ் மேஜைக்கு வருவோம். 'வட்டியில்லாத் தவணை' என்று எழுதியிருக்கும். வட்டி இல்லாமல் எவரும் கடன் கொடுப்பதில்லை, குழு நடத்துகிற உங்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று சொன்னது. அந்த வட்டி எங்கே ஒளிந்திருக்கும் என்றால், ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரர் குறைத்திருப்பாரே, அந்தத் தொகையில். இல்லாவிட்டால் ப்ராசஸிங் கட்டணத்தில். அதனால் தவணை என்று பேச்சு வந்தாலே, "முழுசா ரொக்கமா கொடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேளுங்க. அந்த வித்தியாசம்தான் உங்க வட்டி. ஒரு மாதம் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பிப் போனால் பைனான்ஸிலும் அபராதம், வங்கியிலும் அபராதம். அது உங்க சிபில் கணக்கிலும் ஏறும். நாளைக்கு ஆடு வாங்கவோ வீடு கட்டவோ வங்கிக் கடன் கேட்கும்போது அதை எடுத்துப் பார்ப்பாங்க.

நம்ம உள்கடனையும் இதே போலக் கணக்குப் பார்க்கலாம். 10,000 ரூபாய், மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, மாதம் 1,000 அசல் திருப்பினால் பத்து மாதத்தில் வட்டி 550 ரூபாய். அந்த 550 வெளியே போகலை, நம்ம குழுவின் பொது நிதியில்தான் சேருது. அதனால் 'போனுக்கு உள்கடன் கொடுக்கவே கூடாது' என்று சொன்னவங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கொடுக்கலாம். எவ்வளவு விலை போனுக்கு என்பதுதான் கேள்வி.

என் கதையையும் சொல்லிடுறேன், சிரிக்காதீங்க. 2019ல் நானும் முன்பதிவு பண்ணினேன். முதல் நாளே கையில் இருக்கணும் என்று ஒரு ஆசை, வேற காரணம் கிடையாது. 15,999 கொடுத்து வாங்கினேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனா, அதே போனை என் தம்பி 12,999க்கு வாங்கி வச்சிருக்கான். மூணு மாதம் முந்தினதுக்கு 3,000 ரூபாய். சமூகப் பணி படிச்சு, உங்களுக்கெல்லாம் சேமிப்புப் பயிற்சி நடத்திக்கிட்டிருந்த ஆள் நான்!

புதுசா வரும் போன்களில் பெரும்பாலானவை நாலஞ்சு மாதத்தில் விலை இறங்கும், பண்டிகை நேரத்தில் இன்னும் இறங்கும். அடுத்த மாடல் வந்தால் முந்தின மாடல் சீப்பாகும். டிவி விஷயத்தில் 2025ல் என்ன நடந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். செப்டம்பர் 22ஆம் தேதி முதல் 32 அங்குலத்துக்கு மேலான டிவிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரி சேர்க்காத விலை 25,000 இருக்கிற டிவிக்கு முன்பு வரி மட்டும் 7,000, பிறகு 4,500. ஆகஸ்டில் அவசரப்பட்டவங்களுக்கு 2,500 போச்சு. செல்போனுக்கு வரி குறையலை, அது 18 சதவீதத்திலேயே நின்னுது.

பொறுத்தால் இன்னொரு லாபம், பொருளில் கோளாறு இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். 2016 ஆகஸ்டில் சாம்சங் கம்பெனி நோட் 7 என்று விலை உயர்ந்த போன் ஒன்றை விட்டது. வெளிநாடுகளில் பேட்டரி தீப்பிடித்து, அக்டோபரில் தயாரிப்பையே நிறுத்தினார்கள். நம்ம நாட்டில் புக் பண்ணிக் காத்திருந்தவங்க கைக்கு அந்த போன் வரவே இல்லை. பெரிய கம்பெனி என்பதால் அதற்குப் பதில் வேறு போன் தர முன்வந்தார்கள். அதே 2016 பிப்ரவரியில் 'ஃப்ரீடம் 251' என்று 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் அறிவித்தார்களே, அதற்குப் புக் பண்ண வந்த கூட்டத்தில் இணையதளமே முடங்கிப் போனது. சொன்ன நேரத்தில் போன் வரலை. அடுத்த வருஷம், விநியோகஸ்தர் ஒருவர் கொடுத்த மோசடிப் புகாரில் அந்த நிறுவனத்தின் தலைவர் கைதானார். 251 ரூபாய்க்கு நல்ல செருப்பே கிடைக்காத காலத்தில் ஸ்மார்ட்போன் எப்படி வரும் என்று கேட்க நமக்குப் பட்டப்படிப்பு வேண்டாம்.

ஜியோபோன் கதை வேறு மாதிரி. அதில் ஏமாற்று இல்லை, நாம கவனிக்காத நிபந்தனைதான் இருந்தது. 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி முன்பதிவு ஆரம்பித்து, கூட்டம் தாங்காமல் 26ஆம் தேதியே நிறுத்தி வைத்தார்கள். புக் பண்ணும்போது 500, வாங்கும்போது 1,000. இந்த 1,500 டெபாசிட்தான், மூணு வருஷத்தில் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். வருஷத்துக்குக் குறைந்தது 1,500க்கு ரீசார்ஜ் செய்யணும் என்ற நிபந்தனை, போன் கைக்கு வருகிற நேரத்தில்தான் பலருக்குத் தெரிந்தது. ரீசார்ஜ் எப்படியும் செய்யத்தான் போறோம், அது பெரிய குற்றம் இல்லை. ஆனா ரசீதைப் பத்திரமா வச்சிருந்து மூணு வருஷம் கழிச்சுப் போய்க் கேட்டவங்க இங்கே எத்தனை பேர்? ... பார்த்தீங்களா, சிரிக்கிறீங்க.

அப்போ முன்பதிவே வேண்டாமா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். பணம் முழுசும் நம்ம சேமிப்பில் இருக்கு. அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும் என்று ரசீதிலேயே எழுதியிருக்கு. முன்பதிவு செய்தால் அதே விலைக்கு இரட்டிப்பு மெமரி தர்றாங்க, பிள்ளை படிப்புக்கு அது உபயோகப்படும். எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்க உடையாத பழைய போன் இருக்கு. இப்படி அமைந்தால் தாராளமா புக் பண்ணுங்க, லாபம்தான். பழைய போனைக் கொடுக்கும்போது போட்டோ, வங்கிச் செய்தி எல்லாவற்றையும் அழிச்சுட்டு, சிம்மையும் எடுத்துட்டுக் கொடுங்க. பில் இல்லாமல் வாங்கினால் வரி மிச்சம் என்று சில கடையில் சொல்வாங்க. பில் இல்லை என்றால் வாரண்டி கேட்க முடியாது.

வாட்ஸ்அப்பில் வருகிற புக்கிங் லிங்க் மட்டும் எப்பவும் வேண்டாம். 99 ரூபாய் கட்டினால் புது போன் என்று வரும். தொட்டுவிட்டுப் பணம் போனால், வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காமல் உடனே 1930க்குக் கூப்பிடுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவு நல்லது. கடைக்காரரோடு தகராறு என்றால் 1915, அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீரலை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

அந்த அக்கா விஷயம் என்ன ஆச்சு என்று கேட்கிறீங்க. கடையில் அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டோம் என்று சொல்லிட்டாங்க. ரசீதைப் பார்த்தால் அப்படித்தான் எழுதியிருக்கு, சீல் கூட வச்சிருக்காங்க. வேற போன் எடுத்தால் கழிச்சுக்கலாம் என்றார்கள். பொண்ணையே கேட்டோம். அது தெளிவா சொன்னது: "எனக்கு நோட்ஸ் திறந்தா போதும் மேடம், கேமரா நல்லா இல்லாட்டியும் பரவாயில்லை." அதே கம்பெனியின் போன வருஷ மாடல் அங்கேயே 14,499க்கு இருந்தது. அக்காவின் 7,000 போக, குழு 7,500 உள்கடன் கொடுத்துத் தீர்மானம் எழுதியது. மாதம் 750 அசல், பத்து மாதம். முதல் தவணை கட்டியாச்சு என்று ஊக்குநர் இப்பத்தான் தலையாட்டுறாங்க.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் வீட்டில் கிடக்கிற ஆஃபர் நோட்டீஸ் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. போனோ, மிக்சியோ, டிவியோ எதுவானாலும் சரி. நட்சத்திரம் போட்ட எழுத்தை எல்லாம் சேர்ந்து படிச்சு, நமக்கு ஆகிற விலை என்ன என்று நோட்டில் எழுதிப் பார்ப்போம். கண்ணாடி போடுறவங்க மறக்காமல் கண்ணாடியும் கொண்டு வாங்க.