கரையேறும் பாதரசம்



அண்டார்டிகாவின் மெக்மர்டோ பகுதியில் பனியே மூடாத பள்ளத்தாக்குகள் உண்டு. வெறும் கல்லும் சரளையும்தான்; மழை என்பதே கிடையாது. 1903-இல் துருவப் பயணி ராபர்ட் ஸ்காட் இங்கே இறங்கியபோது புல் பூண்டு எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால், கடலிலிருந்து வெகுதூரத்தில் ஒரு சீலின், அதாவது கடல்நாயின், எலும்புக்கூடு கிடந்தது. வழிதவறி ஊர்ந்து வந்து இறந்த சீல்கள் இன்றும் அங்கே கிடக்கின்றன. தோல் சுருங்கி, கட்டைபோல் இறுகி, மணற்காற்றில் ஒரு பக்கம் தேய்ந்து, பல் தெரியக் கிடக்கும். சில உடல்கள் பல நூறு ஆண்டுகள் பழையவை. குளிரும் வறட்சியும் அவற்றை மட்கவிடவில்லை.

அந்த உடல்களுக்குள் பாதரசம் இருக்கிறது.

எரிமலைகள் பாதரசத்தைக் கக்குகின்றன. நாம் எரிக்கும் நிலக்கரியிலிருந்தும், சிறு சுரங்கங்களில் தங்கம் பிரிக்கும்போதும் அது ஆவியாகிறது. மாதக்கணக்கில் காற்றில் மிதந்து துருவம்வரை போகிறது. அங்கே வசந்தகால வெயில் தலைகாட்டியதும், கடற்பனியிலிருந்து எழும் புரோமின் அதைப் பிடித்துப் பனிமேல் இறக்கிவிடுகிறது. கனடாவின் வடகோடியான அலெர்ட்டில் 1995-இல் இதைக் கவனித்தார்கள். கடலில் சேரும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் கொடிய மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. பிறகு கூனிறால் போன்ற கிரில், மீன், பென்குவின், சீல் என்று உண்ணும் உயிர்தோறும் ஏறிக்கொண்டே போகிறது. சீலின் ஈரலில் செலினியத்தோடு சேர்ந்து, எளிதில் கரையாத துகளாகவும் தங்குகிறது.

ஆறுகள் பாதரசத்தை மண்ணிலிருந்து கடலுக்குக் கொண்டுபோகும். இங்கே விலங்குகள் கடலிலிருந்து மண்ணுக்குக் கொண்டுவருகின்றன! பென்குவின்கள் ஆண்டுதோறும் உதிர்க்கும் இறகிலும், எச்சத்திலும் பாதரசம் உண்டு. அவை கூடு கட்டும் இடத்து மண்ணில் அது கூடுதலாகக் காணப்படுகிறது. செத்த உடலோ ஒரே இடத்தில் குவிந்த சேமிப்பு. அது கிடக்கும் மண்ணும் மாறுகிறது: பழைய சீல் உடல் ஒன்றை ஆய்வாளர்கள் வேறிடத்துக்கு நகர்த்தி வைத்துப் பார்த்தார்கள். புதிய இடத்தில் அதன் அடியிலிருந்த மண்ணின் நுண்ணுயிர்க் கூட்டம் மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே மாறிப்போயிருந்தது.

துருவ மண்ணில் சேரும் பாதரசத்துக்கான பழியை எல்லாம் நம் புகைபோக்கிகள் மேல் போடுவது நியாயமில்லை. பல நூறு ஆண்டுக்கு முந்தைய சீலில் இருந்தது பெரும்பாலும் இயற்கைப் பாதரசமே. நேற்று செத்த சீலில் நம் பங்கும் கலந்திருக்கும். அதனால்தான் துருவ மண்ணை அளப்பவர்கள் பக்கத்தில் என்ன செத்துக் கிடக்கிறது, எப்போது செத்தது என்பதையும் குறித்துவைக்க வேண்டும் என்கிறேன். பாதரசத்தைக் குறைக்க உலக நாடுகள் செய்த மினமாட்டா ஒப்பந்தம் 2017 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் பலன் துருவத்துக்கு எட்டியதா என்று ஒரு பிடி மண்ணை வைத்துச் சொல்ல வேண்டுமானால், அந்தக் குறிப்பு இல்லாமல் முடியாது.