கைக்கணினிக் கோப்புகளும் மேகச் சேமிப்பும்

(திண்டுக்கல் வட்டார ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றிய பேச்சு)



நிலம் வாங்கும் எவரும் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதோடு நிறுத்திக் கொள்வதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் அதைப் பதிவு செய்கிறார்கள். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அங்கே அதன் நகல் நிலைத்து நிற்கிறது. வீட்டுப் பத்திரம் கறையானுக்கு இரையானாலும் மனுக் கொடுத்து நகல் பெற்றுக் கொள்ளலாம். இந்த ஏற்பாட்டின் அருமையை அறியாதவர் நம்மில் எவருமில்லை. ஆயினும் டேப்லெட் என்று நாம் அழைக்கும் கைக்கணினியில் நாள்தோறும் சேர்ந்து வரும் படங்களையும் கணக்குகளையும் பொறுத்த மட்டில், பெட்டியைப் பூட்டியதே போதும் என்று இருந்து விடுகிறோம்.

இவ்வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் நாம் நேரில் கண்டதைச் சொல்லுகிறோம். ஊரணி ஒன்றைத் தூர் வாரும் வேலை நடந்தது. வேலைக்கு முன்பும், நடக்கும் போதும், முடிந்த பின்பும் எடுத்த படங்கள், அளவுக் குறிப்புகள், பொருள் வாங்கிய ரசீதுகளின் படங்கள் யாவும் ஒரே கைக்கணினியில் இருந்தன. கரையில் நின்று கடைசிப் படத்தை எடுக்கும் போது அது கை தவறி நீரில் விழுந்தது. பழுது பார்ப்பவர் திரையை மாற்றினார். உள்ளிருந்த கோப்புகளை மீட்க அவரால் இயலவில்லை. முடிந்த வேலையை மறுபடியும் படம் எடுத்து விடலாம். வேலைக்கு முந்திய நிலையை எவ்வாறு எடுப்பது? வெட்டிய மண்ணை மீண்டும் ஊரணியில் கொட்டவா முடியும்? பொருள் கொடுத்த கடைக்காரர் தம் பணத்துக்காகப் பல வாரங்கள் நடந்தார். ஊராட்சியின் நேர்மையைக் குறித்து ஊரில் தேவையற்ற பேச்சும் எழுந்தது. அந்தப் பேச்சுத்தான் நம்மை மிகவும் வருத்தியது.

இத்தகைய இழப்பைத் தடுக்கும் வழியே மேகச் சேமிப்பு, அதாவது கிளவுட். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். வானத்தில் எதுவும் இல்லை. சென்னை, மும்பை போன்ற நகரங்களில் பெருங் கட்டடங்களில் இரவு பகலாக ஓடும் கணினிகளில் நம் கோப்பின் நகல் வைக்கப்படுகிறது. பெரிய நிறுவனங்கள் ஒரே நகலை நம்பி இருப்பதில்லை. நம் கருவி உடைந்தாலும், வேறொரு கருவியில் நம் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துக் கோப்பைத் திரும்பப் பெறலாம்.

செய்யும் முறை எளிது. கோப்பைத் தேர்ந்தெடுத்து, "பகிர்" என்னும் குறியைத் தொட்டு, சேமிப்புச் செயலியைக் காட்டினால் போதும். படங்கள் தாமாகவே ஏறும்படியும் அமைத்துக் கொள்ளலாம். சிரமமெல்லாம் அலைவரிசையில்தான். சிறுமலை அடிவாரத்திலும் நத்தம் பக்கத்து மாந்தோப்புகளிலும் சில இடங்களில் அது எட்டுவதில்லை. ஒரு படம் மூன்று, நான்கு மெகாபைட் இருக்குமாயின், ஐம்பது படங்கள் ஏற வெகு நேரம் பிடிக்கும். ஆகையால் வயலில் எடுத்து, மாலையில் ஊராட்சி அலுவலகத்து வைஃபையில் ஏற்றுவதே நல்லது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் திட்டமும் இதற்காகவே வகுக்கப்பட்டது. ஏறி முடிந்ததற்கான குறி தோன்றும் வரை கருவியை அணைத்தலாகாது. பாதியில் நின்று போன கோப்பை ஏறி விட்டதாக எண்ணி ஏமாந்தவர் பலர்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே பத்திரமாகி விட்டது என்று சிலர் கருதுகின்றனர். சாதாரணமாக அதில் அனுப்பும் படம் சுருங்கி விடுகிறது. எடுத்த இடத்தின் குறிப்பும் அதனுள்ளிருந்து நீங்கி விடுகிறது. அளந்து பார்க்க வந்த அதிகாரிக்கு அப்படத்தால் பயனில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. வீட்டுப் பத்திரத்தை நாம் கிழித்துப் போட்டால் அலுவலக நகல் கிழிவதில்லை. இங்கோ, தாமாக ஏறும் அமைப்பில், இடம் போதவில்லை என்று கருவியில் ஒரு படத்தை அழித்தால், மேகத்திலுள்ள நகலும் சேர்ந்தே அழியக்கூடும். கூகிள் டிரைவில் அழித்தது குப்பைத் தொட்டியில் 30 நாட்களே இருக்கும். முக்கியமானவற்றை அலுவலகக் கணினியிலோ பென் டிரைவிலோ மற்றொரு நகலாக வைத்திருத்தல் அவசியம். அந்நிறுவனம் இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட் இடம் அஞ்சலுக்கும் படத்துக்கும் பொதுவானது. அது நிரம்பினால் கோப்பு ஏறுவது நிற்கும்.

யாருடைய கணக்கில் சேமிப்பது? ஊராட்சிச் செயலரின் சொந்தக் கணக்கிலோ தலைவர் மகனின் கணக்கிலோ சேமிப்பதை நாம் ஒப்புக் கொள்ள மாட்டோம். 2025 ஜனவரி 5ஆம் நாள் நம் மாவட்டம் உள்ளிட்ட 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக் காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது. பேரேட்டையும் சாவியையும் ஒப்படைக்கலாம். ஒருவருடைய சொந்தக் கணக்கை எவ்வாறு ஒப்படைப்பது? ஊராட்சியின் பெயரில் கணக்கு வைத்து, பொறுப்பு மாறும் நாளில் கடவுச்சொல்லை மாற்றி எழுத்து மூலம் ஒப்படைத்தல் முறை.

எல்லாக் கோப்புகளும் தனியார் மேகத்தில் வைக்கத் தக்கவை அல்ல. அரசின் உள் கோப்புகளையும் இரகசியக் கோப்புகளையும் கூகிள் டிரைவ் போன்ற தனியார் சேமிப்பில் வைக்கலாகாது என்று 2022 ஜூனில் தேசியத் தகவலியல் மையத்தின் வழிகாட்டுதல் அரசு ஊழியர்களுக்குக் கூறியது. பயனாளிகளின் ஆதார் நகல்களும் வங்கிக் கணக்கு எண்களும் எவரும் திறந்து பார்க்கும் இணைப்பில் கிடப்பதை நாமே கண்டிருக்கிறோம். அது பெருங் குற்றம். ஏழை எளியவரின் உதவித் தொகை களவு போக அது வழி திறந்து விடும். அத்தகைய கோப்புகளுக்கு ஒன்றிய அலுவலகத்தைக் கேட்டு, அரசுத் தளங்களையே பயன்படுத்த வேண்டும்.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுக்கு உரிய ஊர் இது. அவ்வூரில் இருந்து கொண்டு கைபேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைப்பது நமக்கு அழகல்ல! கடவுச்சொல்லோடு, கைபேசிக்கு வரும் குறியெண்ணையும் கேட்கும் இரட்டைச் சோதனையை அமைத்துக் கொள்ளுங்கள்.

விவசாயிகளுக்கு ஒரு சொல். அரசு வழங்கிய சான்றுகளுக்கு 2015 முதல் டிஜிலாக்கர் உள்ளது. அதன் வழியே அரசுத் துறை நேராக வழங்கும் ஆவணம் 2017ஆம் ஆண்டின் விதித் திருத்தப்படி மூலத்துக்கு நிகரானது. நாமே படம் எடுத்து ஏற்றியதற்கு அத்தகுதி இல்லை. பயிர்க் காப்பீடு செய்த வயலில் ஆலங்கட்டி மழையாலோ வெள்ளம் சூழ்ந்தோ சேதம் ஏற்பட்டால் 72 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். சின்ன வெங்காயம் அழுகிய பின் வயலில் காட்டுவதற்கு ஒன்றும் இராது. அன்று எடுத்த படமே மிஞ்சும். விதை ரசீதையும் மண்டிச் சீட்டையும் கூட வாங்கிய அன்றே படம் எடுங்கள். சில சீட்டுகளின் எழுத்து மூன்று மாதத்தில் மங்கி விடுகிறது.

கோப்புக்கு ஊர், வேலை, தேதி மூன்றும் விளங்கப் பெயரிடுங்கள். பிற்பகல் வகுப்பில் ஒவ்வொருவரும் தத்தம் கருவியில் ஒரு படத்தை ஏற்றி, அதைப் பக்கத்திலிருப்பவர் கருவியில் திறந்து காட்டி, பிறகு மறவாமல் அக்கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். மின்னேற்றும் கம்பி கொண்டு வராதவர்கள் இப்போதே சொல்லி விடுங்கள்.