பத்து ராத்திரிக்கு வெளிச்சம்



மின்தடையில் இரண்டு வகை உண்டு. டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போய், அரை மணியில் திரும்பி வந்துவிடுவது ஒன்று. இன்னொன்று, 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறிய பிறகு டெல்டா மாவட்டங்கள் அனுபவித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. கடையில் எமர்ஜென்சி விளக்கு வாங்கும்போது நாம் முதல் வகையைத்தான் மனதில் வைத்திருக்கிறோம். "பளிச்சுனு எரியுமா?" என்று கேட்போம். எத்தனை ராத்திரி தாங்கும் என்று கேட்க மாட்டோம்.

இன்வெர்ட்டர் பல்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண எல்.இ.டி. பல்பு மாதிரி ஹோல்டரில் மாட்டலாம். உள்ளே சின்ன லித்தியம் பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனதும் தானே எரியும். ஆனால் மூன்று நான்கு மணி நேரம்தான். அதன் சுவிட்ச் போட்டபடியே இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. வீட்டு ஒயரிங்கில் ஏதாவது சாதனம் வழியாகச் சுற்று முழுமையடைகிறதா என்று பார்த்துத்தான், "சுவிட்ச் போட்டிருக்கிறது, கரண்ட் மட்டும் இல்லை" என்று அது முடிவு செய்கிறது. கடைக்காரர் பல்பின் அடியில் விரலை வைத்ததும் எரிகிறதே, அந்த வித்தையும் இதேதான். புயலுக்குப் பயந்து மெயினை இறக்கி, ஃபிரிட்ஜ், டி.வி. பிளக்கையெல்லாம் பிடுங்கிவிட்டால் சில சமயம் பல்பு எரியாது. பல்பு கெட்டுவிட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

நீண்ட இருட்டுக்கு நான் சொல்வது பவர் பேங்க். பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதில் நேரே செருகுகிற சின்ன யு.எஸ்.பி. எல்.இ.டி. விளக்கு செல்போன் கடைகளில் மிக மலிவு. கணக்கைப் பாருங்கள். பத்தாயிரம் எம்.ஏ.எச். பவர் பேங்கில் இருப்பது சுமார் 37 வாட்-மணி. வழியில் விரயமாவது போக 25 கைக்கு வரும். ஒரு வாட் விளக்கு என்றால் 25 மணி நேரம். சாயங்காலம் இரண்டரை மணி நேரம் மட்டும் எரித்தால் பத்து ராத்திரி ஓடும். அந்த ஒரு வாட்டே ஆறேழு மெழுகுவத்திக்குச் சமம். செல்போனும் அதிலேயே சார்ஜ் ஏறினால் கணக்கு மாறிவிடும். முடிந்தால் போனுக்குத் தனியாக இன்னொன்று வையுங்கள்.

விளக்கைக் கண்ணுக்கு நேரே வைக்காதீர்கள். வெள்ளைச் சுவரையோ கூரையையோ பார்த்தபடி வைத்தால் அறை முழுக்க மங்கலாக வெளிச்சம் பரவும். சமைக்க, சாப்பிட, பாத்ரூம் போய்வர அது போதும். ஓட்டு வீட்டில் மட்டும் கூரையைப் பார்த்து வைப்பது பலிக்காது. வெள்ளைச் சுவர் இருந்தால் அதன் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

மெழுகுவத்தி எனக்குப் பிடிப்பதில்லை. கொசுவலை, முந்தானை, திரைச்சீலை எல்லாம் பக்கத்தில் இருக்க, பிள்ளைகள் தூங்கியபின் எரிகிற சுடர் அது. இருட்டில் கேஸ் வாடை வந்தால் தீக்குச்சி மட்டுமல்ல, எந்த சுவிட்சையும் தொடாமல் முதலில் ஜன்னலைத் திறங்கள்.

பரணில் பழைய டியூப் எமர்ஜென்சி விளக்கு கிடந்தால், அதற்குள் இருப்பது பெரும்பாலும் ஈய பேட்டரி. சார்ஜ் இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் போட்டுவைத்தால் செத்துப்போகும். மாதம் ஒரு தடவை சார்ஜ் ஏற்ற வேண்டும். செல் போடுகிற டார்ச்சை நாள்கணக்கில் தொடப் போவதில்லை என்றால் செல்லைக் கழற்றி அதன் பக்கத்திலேயே வையுங்கள். உள்ளே இருந்தால் கசிந்து, ஸ்பிரிங்கை அரித்துவிடும். எதை வாங்கினாலும் இருட்டில் கை நீட்டினால் அகப்படுகிற ஓர் இடத்தில் வையுங்கள். டார்ச்சைத் தேட இன்னொரு டார்ச் என்று ஆகக் கூடாது.

ஐப்பசி பிறந்து, துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தால், அன்றே எல்லாவற்றையும் முழுதாக சார்ஜ் ஏற்றிவிடுங்கள். செல் வாங்கப் போகும்போது டிரான்சிஸ்டருக்கும் ஒரு ஜோடி சேர்த்து வாங்குங்கள். செல்போன் கோபுரம் ஓய்ந்துவிட்டால் ஊர்ச் செய்தி தெரிய அதுதான் வழி.