மலைத் தானியமும் நம்மவர் வாணிபமும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

நம்மவர் வாணிபத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் கூறுமாறு பணிக்கப்பட்டேன். வல்வில் ஓரி ஆண்ட இக்கொல்லிமலையில் நம் முன்னோர் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு முதலியவற்றை விளைவித்து உண்டு வாழ்ந்தனர். பிற்காலத்தே மரவள்ளி மலையேறிற்று. சமவெளியிலுள்ள ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கின. கையில் ரொக்கம் புழங்கலாயிற்று. தானியக் கொல்லைகள் சுருங்கின.

இதற்குப் பணம் மாத்திரம் காரணமன்று. சாமையை உரலிலிட்டுக் குற்றி உமி நீக்கும் பெரும்பாடு முழுவதும் பெண்மக்கள் தோளிலேயே விழுந்தது. அவர்கள் அதனை விட்டொழிக்க விரும்பியது நியாயமேயாம்.

1988-ஆம் ஆண்டு சென்னையில் நிறுவப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990-களில் இம்மலையில் தொண்டாற்ற வந்தபோது இவ்வுண்மையைக் கண்டறிந்தது. உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் கிராமங்களில் அமைக்கப்பெற்றுச் சுய உதவிக் குழுக்களின் பொறுப்பில் விடப்பட்டன. தானியத்தை அரிசியாகவும், ரவையாகவும், மாவாகவும் ஆக்கிக் கொல்லிமலைப் பெயராலேயே விற்கும் வழி பிறந்தது. குழுக்கள் ஒன்றுகூடிக் கூட்டமைப்பும் கண்டன.

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. பட்டணத்தார் ஒருகால் இழிவாகக் கருதிய உணவை இன்று விரும்பி வாங்குகின்றனர். ஆயினும் ஒன்று கேட்கின்றேன். மூட்டையாக மலையிறங்கும் தானியத்திற்கு ஒரு விலை. உமி நீங்கிப் பையில் அடைபட்டால் வேறு விலை. இடையிலுள்ள இலாபம் எவர் வீட்டிற்குச் செல்லுகின்றது?

மரவள்ளியை அடியோடு பிடுங்கி எறியுங்கள் என்று யான் கூறவில்லை. பிள்ளைகளின் படிப்பிற்கும் வைத்தியத்திற்கும் அது பணம் தருகின்றது. ஆனால் ஒரே பயிரை நம்பினவன், அதன் விலை விழுந்த வருஷத்தில் உணவையும் கடைக்குச் சென்றே வாங்க வேண்டியவனாகின்றான். ஆகையால் ஒரு பங்கு நிலத்தையேனும் சாமைக்கும் தினைக்கும் ஒதுக்குங்கள். விதையை வீட்டிலே காப்பாற்றுங்கள்.

வாணிபத்திற்கும் மூன்று காரியங்கள் இன்றியமையாதன. அறுவடைக்கு முன் முன்பணம் வாங்கி விளைச்சலை ஈடுகட்டாதிருத்தல் ஒன்று. தனித்தனியே விற்காது, ஊர் கூடித் தரம் பிரித்து விற்றல் மற்றொன்று. வரவு செலவுக் கணக்கை யாவரும் அறியச் சபையில் வாசித்தல் மூன்றாவது. கணக்குத் தெளிவில்லாத கூட்டுறவு நெடுநாள் நில்லாது.

நம் வாலிபர் சிலர் கணக்கும் இயந்திரமும் கற்றுளர். கூலிக்காக மலையிறங்குமுன் அவர்கட்கு இங்கேயே ஒரு தொழில் தருவது நம் கடமை. இயந்திரத்தை ஓட்டுகின்ற பெண்மக்களுக்கு நிர்வாகத்திலும் இடமளியுங்கள். பாடுபட்டவர் கையிலேயே பயனும் தங்குமாயின், நம் குலம் பிறர் தயவை நாடாது தழைக்கும்.