வெண்கதிர் ஏன் வருகிறது?



நெல் வயலில் சில கதிர்கள் வெளுத்துப் போய் நிமிர்ந்து நிற்கும். பார்த்திருப்பீர்கள். நல்ல கதிர் மணி பிடித்துத் தலை சாயும். இது சாயாது. உள்ளே மணி இல்லை. எல்லாம் பதர். கையால் இழுத்தால் உருவிக்கொண்டு வரும். இதுதான் வெண்கதிர்.

இது யார் செய்த வேலை? இரவில் விளக்கைத் தேடி வரும் ஒரு சின்ன மஞ்சள் அந்துப்பூச்சியின் புழு செய்த வேலை. குருத்துப்பூச்சி என்பார்கள். தண்டுத் துளைப்பான் என்றும் சொல்வார்கள். வங்காளம், ஒடிசா, ஆந்திரா என்று நெல் விளையும் இடமெல்லாம் இது உண்டு.

பெண் பூச்சியின் முன் இறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். இந்தப் பூச்சி பயிரைக் கடிக்காது. இலை நுனியில் கூட்டமாக முட்டை இடும். முட்டைகளைத் தன் உடம்பு ரோமத்தால் மூடி வைக்கும். பார்க்கப் பழுப்பு நிறப் பஞ்சு ஒட்டியது போல இருக்கும்.

சுமார் 1 வாரத்தில் முட்டை பொரியும். குட்டிப் புழுக்கள் நூல் விட்டுத் தொங்கும். காற்றில் ஆடி அடுத்த பயிருக்குப் போகும். பிறகு தண்டைத் துளைத்து உள்ளே நுழையும். உள்ளிருந்தே தின்னும். இளம் பயிரானால் நடுக்குருத்து காயும். கதிர் வரும் பயிரானால் வெண்கதிர் ஆகும். வளர்ந்த புழு தண்டுக்குள்ளேயே கூட்டுப்புழு ஆகும். பின் அந்துப்பூச்சியாகி வெளியே பறக்கும்.

வெண்கதிர் வந்த பிறகு மருந்து அடித்தால் என்ன ஆகும்? போன மணி திரும்பாது. காசுதான் போகும்.

அப்படியானால் எப்போது தடுப்பது? முட்டையிலேயே தடுக்க வேண்டும். நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளி எடுங்கள். கிள்ளியதை வயலில் போடாமல் அழித்துவிடுங்கள். இலைக்கருகல் நோய் வரும் ஊரில் மட்டும் நுனி கிள்ள வேண்டாம். அங்கே முட்டை உள்ள இலையை மட்டும் எடுங்கள். அறுவடை முடிந்ததும் தாளை மடக்கி உழுங்கள். தாளுக்குள் புழு தங்கியிருக்கும்.

வயலில் உங்களுக்கு நண்பர்களும் உண்டு. அவை மிகச் சிறிய குளவிகள். அந்துப்பூச்சியின் முட்டைக்குள் இவை முட்டை இடும். அந்த முட்டையில் இருந்து புழு வராது. குளவிதான் வரும். பூச்சியைக் கண்டதும் மருந்து அடித்தால் இந்தக் குளவிகளும் சாகும்.

ஆகவே, நாற்றங்காலுக்குப் போகும்போது இலை நுனியைப் பாருங்கள். பழுப்புப் பஞ்சு தெரிகிறதா? அப்போதே கிள்ளி எடுங்கள். அதற்குச் செலவு இல்லை.