பழைய டீசல் கார்

பழைய காரின் புதுப்பூச்சில் மயங்கி ஏமாந்தவன் நான். குடும்பத்தின் சேமிப்பைக் கொடுத்து, எண்ணூரில் டீசல் அம்பாசிடர் ஒன்றை வாங்கினேன். ஓராண்டிற்குள் அடித்தகடு உதிர்ந்தது. கடலின் உப்புக்காற்று முன்னரே அதை அரித்திருந்தது. அம்பாசிடருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். அதன் உற்பத்தியும் 2014இல் நின்றுவிட்டது.

ஆகவே, முதலில் தரைவிரிப்பை நீக்கித் தகட்டைத் தட்டிப் பாருங்கள். பிறகு, ஆறிக் கிடக்கும் இயந்திரத்தை உங்கள் முன்னிலையில் இயக்கச் சொல்லுங்கள். நீலப்புகை ஓயாது வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். பதிவுச் சான்றிதழிலுள்ள இயந்திர எண்ணையும் ஒப்பிடுங்கள். 15 ஆண்டு கடந்ததாயின் பதிவு புதுப்பிக்கப்பட்டதா எனக் கேளுங்கள்.

லாரி செய்யும் அசோக் லேலண்ட் ஆலை உள்ள எண்ணூரில், டீசல் இயந்திரத்தைச் செப்பனிடும் கைகளுக்குப் பஞ்சமில்லை. துருவை மட்டும் யாராலும் மீட்க இயலாது. பணத்தை எண்ணுமுன் ஒருமுறை குனிந்து பாருங்கள்.