நியூட்ரல் கம்பி ஏன் சூடாகிறது?
(நம் சங்கப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் மீட்டர் அறையில் நியூட்ரல் கம்பியின் முனை கருகியிருந்தது. பகல் 11 மணிக்கு ஒருவர் வந்து ஒருமுறை அளந்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு" என்றார். அந்த ஒரு அளவை நம்பலாமா?

நமக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை சீராக ஏறி இறங்கும் அலை. எல்.இ.டி. பல்பு, டி.வி., இன்வெர்ட்டர் போன்றவை அதைச் சீராக இழுக்காமல் வெட்டி வெட்டி இழுக்கின்றன. அதனால் 150, 250, 350 முறை துடிக்கும் உபரி அலைகள் உண்டாகின்றன. அவைதான் ஹார்மோனிக்ஸ்.

தேர் வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 100 பேர் ஒரே பக்கம் இழுத்தால் 100 பேர் பலம். ஆளுக்கொரு திசையில் இழுத்தால் மிஞ்சுவது சுமார் 10 பேர் பலம்தான். நிகழ்தகவுக் கணக்கு அது. வேகமான அலைகள் பெரும்பாலும் இப்படித் தங்களுக்குள் கழிந்துவிடும். 150 அலை கழியாது. மூன்று ஃபேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் கூடும். ஃபேஸ் கம்பியைப் போல 1.7 மடங்கு வரை நியூட்ரலில் ஓடலாம்.

கோடையில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால், எல்லா வீட்டு இன்வெர்ட்டரும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறும். அப்போது எல்லாரும் ஒரே பக்கம் வடம் பிடித்த கதைதான்.

இந்தத் தொல்லை நாளில் 2 மணி நேரம்தான் என்றால், ஏதோ ஒரு நேரத்தில் ஒருமுறை அளப்பவர் அதைத் தவறவிட 12-க்கு 11 வாய்ப்பு. அதனால்தான் ஐ.இ.இ.இ. 519 என்ற சர்வதேசத் தரவிதி, 10 நிமிடத்துக்கு ஓர் அளவு என ஒரு வாரம் பார்க்கச் சொல்கிறது. மொத்தம் 1008 அளவுகள். அவற்றில் 95 சதவீதம் வரம்புக்குள் இருக்க வேண்டும். வீட்டு மின்னழுத்தத்துக்கு வரம்பு 8 சதவீதம்.

முனை தளர்ந்திருந்தாலும் கருகும். அதை முதலில் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் மின்சாரத்தை நிறுத்திவிட்டு முறுக்கட்டும். பிறகு ஒரு வாரம் கருவி வைத்து, மூன்று ஃபேஸோடு நியூட்ரலையும் பதிவு செய்வோம். கேபிள் மாற்றுவதா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம்.

நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400 வரைகூட வரக்கூடும். பிரிட்ஜும் டி.வி.யும் போன பிறகு அளந்து பயனில்லை.